அறுபத்திரண்டாவது கிலோமீட்டர்

எனக்கு மச்சினன் வாய்த்த நேரம் நல்ல நேரமே இல்லை. இருவரும் ஒரே வானொலி நிலையத்தில் பொறியாளர்கள். என் மனைவி, அதாவது அவன் அக்கா, அங்கேயே கடல் வானிலை வாசிக்கிறாள். ஏ.எம். ஒலிபரப்பை டிஜிட்டலாக்க இரண்டு முறைகள் போட்டியில் இருந்தன. பழைய ஒலிபரப்பை வைத்துக்கொண்டே அதன் அலைவரிசையின் இருபுறமும் டிஜிட்டலை ஏற்றி அனுப்பி, மெல்ல மாறுவது என் கட்சி. பழையதை ஒரேயடியாகத் துடைத்துவிட்டு முழு அலைவரிசையையும் டிஜிட்டலுக்குக் கொடுப்பது அவன் கட்சி. சாப்பாட்டு மேசையில் சோறு ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை போடுவோம்.

எது ஜெயித்தாலும் ஓராண்டில் பழைய ஒலிபரப்பு நின்றுவிடும். அதனால் முறையைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் படகுத்துறைக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேருமா? அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது.

சோதனை வண்டியில் இருவரின் ரேடியோப் பெட்டிகளையும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அவனுடையது தொண்ணூறாவது கிலோமீட்டரில் வாயை மூடிக்கொண்டது. என்னுடையது துறை வரைக்கும் பேசியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் 120 என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

மறுநாள் காலை மனைவி கேட்டாள்: "ஏங்க, அவ்வளவு தூரத்துல என் குரல் எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம். லேசா இரைச்சல், அவ்வளவுதான்."

"டிஜிட்டல்னா வந்தா சுத்தமா வரும், இல்லேன்னா வரவே வராதுன்னு வருஷக்கணக்கா என் காதைத் தின்னீங்களே. அப்புறம் இரைச்சல் எங்கேருந்து வந்துச்சு?"

காபி புரையேறியது. அடக் கடவுளே! டிஜிட்டல் அறுந்தால் என் பெட்டி தானாகவே பழைய ஒலிபரப்புக்குத் தாவிவிடும். தாவியதும் அதன் நீல விளக்கு அணையும். ஓட்டும்போது கண் கூசுகிறதென்று அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிய மகாபுத்திசாலி நான்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் விளக்கு எங்கே அணைகிறது என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. மச்சினனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். டேப்பைப் பிய்த்தேன். அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் விளக்கு அணைந்தது.

"அத்தான், அறுபத்திரண்டா!" விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூறில் அவன் பெட்டி ஊமையானது, சிரிப்பும் நின்றது.

துறையில் ஒரு படகுக்காரர் டீசல் கேனைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிய சின்ன ரேடியோ. எங்கள் பெட்டிகளை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் என்ன சார்?"

"புது ரேடியோ. இனிமே இதுல ஒண்ணுதான் இருக்கும்," என்றான் மச்சினன்.

"புயல் சேதி இதுல எதுல வரும்?"

மணி இரண்டு, கடல் வானிலை நேரம். அவருடைய ரேடியோவிலும் என் பெட்டியிலும் ஒரே மாதிரி இரைச்சலோடு என் மனைவி பேசினாள்: காற்று வலுக்கிறது, படகுகள் கடலுக்குப் போக வேண்டாம்.

"டேய் தம்பி, எறங்குடா!" என்று அவர் படகிலிருந்த பையனைப் பார்த்துக் கத்தினார். ஏற்றிய கேனை இறக்கிவைத்தார்.

அறிக்கையை எடுத்து 120-ஐ அடித்துவிட்டு 62 என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது. மச்சினன் பேனாவை வாங்கித் தன் பெயருக்கு நேரே 90 என்று எழுதினான். கீழே இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது. பழையதை நிறுத்த வேண்டாம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.