பாடத்தில் யார் முகம்

ருபீதியா டீச்சர் அந்த இணைய வீடியோப் பாடத்தை ஒரு காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தபோது, சான் சால்வதோரின் அந்தச் சின்ன ஆங்கிலப் பள்ளியில் யாருக்கும் காரணம் புரியவில்லை. ‘பிக் அப்’ என்ற இரண்டே சொல்லில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் திணறுகிற அர்த்தங்கள் பதினொன்று. கீழே விழுந்த சாவியை எடுப்பது, பிள்ளையைப் போய் அழைத்து வருவது, அடிக்கிற போனை எடுப்பது, ஒரு மொழியைக் காதால் கேட்டே பிடித்துக்கொள்வது என எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். எடுத்துக்காட்டுகள் அவள் வீட்டுக் கதைகள்தான். ‘கொட்டும் மழையில் என் மகனை அழைத்துவரப் போனேன்’ என்பது இரண்டாவது அர்த்தத்துக்கு.

பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வீடியோவில் தன் முகம் வரவேண்டும்.

அந்த மகன் ஹொசுவே ஹூஸ்டனில் கூரை வேய்கிறான். போய்ச் சேர்ந்ததும் முதல் தடவை போன் செய்தவன், அம்மா மெச்சுவாள் என்று ஆங்கிலத்திலேயே பேசினான். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி, நாலு இடத்தில் திருத்தினாள். “இங்கயும் உங்க வகுப்புதானாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவன்தான். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, எண்ணும் மாறிவிட்டது. அங்கே வேலை செய்கிற பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் இந்த மாதிரிப் பாடங்களைப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். தன் முகம் அவன் கண்ணில் பட்டால் மனது இளகாதா என்று நப்பாசை.

படம்பிடிக்கும் நாளில் அவள் நாற்காலியில் வில்மர் உட்கார்ந்திருந்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன். அவன் உச்சரிப்புக்காக ஊரிலுள்ள கால் சென்டர்கள் அடித்துக்கொள்ளும்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர்” என்றார் பள்ளி முதலாளி தோன் எவேலியோ. “உங்க இங்கிலீஷ் சுத்தம்தான். ஆனா நம்மூர் வாசன அடிக்குதே.”

பெயரையாவது போடுங்கள் என்று கேட்டாள். யார் அது என்று கேட்பார்கள், எதற்கு வம்பு என்றுவிட்டார். வில்மர் பாவம், நல்ல பையன். தனக்குப் பேசத்தான் வரும், விளக்க வராது என்று அவளிடமே ஒப்புக்கொண்டான். கடைசியில் அவளே அட்டையில் எழுதி, கேமராவுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தாள். அவன் சிரித்துச் சிரித்துப் படித்தான். கை வலித்ததைவிட வயிறு எரிந்ததுதான் அதிகம்.

வீடியோ வெளியானதிலிருந்து தினமும் கீழே வரும் கருத்துகளை ஒன்று விடாமல் வாசித்தாள். ஆறாவது வாரம் ஒரு கருத்தின் பக்கத்தில் இருந்த சின்னப் படம் கண்ணில் பட்டது. தொப்பி, ஒட்டிய கன்னம். அவன்தான்.

“அண்ணே, நல்லாப் புரிஞ்சுது. எங்கம்மாவும் இங்கிலீஷ் டீச்சர்தான். இதையே தலையில குட்டிக் குட்டிச் சொன்னாங்க, ஏறல. நீங்க சிரிச்சுகிட்டே சொன்னீங்க, ஏறிடுச்சு.”

படிக்கும்போதே கண்ணீர் மறைத்தது. தன்னைக் குறை சொல்லியிருந்தாலும் பிள்ளை உயிரோடு, சுகமாக இருக்கிறான். அதன் கீழேயே பதில் தட்டினாள்.

“ஹொசுவே, அம்மாடா. இந்தப் பாடத்த நான்தான் எழுதினேன். மழையில அழைச்சிட்டு வந்தது உன்னத்தான். ஒரு தடவ பேசுடா.”

மறுநாள் காலை, வகுப்புக்குப் போகுமுன் திறந்து பார்த்தாள். அவன் தன் கருத்தை அழித்திருந்தான். அதோடு சேர்ந்து அவள் எழுதியதும் போய்விட்டிருந்தது.