ஃ விட்டுப்போன பெட்டி

1

நாற்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு. நாசி கண்டார் சோற்றுக்கடை ஹனீபா எனக்குத் தரவேண்டியது இவ்வளவு.

இது கதையாகத் தொடங்கவில்லை. பணத்தைக் கேட்டு அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரில் கேட்கலாம். ஆனால் எங்கள் ஃபேக்டரி பஸ் அவன் கடை வாசலில் வந்து நின்றாலே அவன் பின்பக்கம் தட்டு மங்கு கழுவப் போய்விடுகிறான். முதலாளி மகன் மங்கு கழுவுவதைப் பார்த்து அவன் உம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

சீட்டின் முதல் வரி 'அன்புள்ள ஹனீபாவுக்கு'. இரண்டாம் வரியில் எதற்கான பணம் என்று சொல்லவேண்டும் அல்லவா? அங்கே மாட்டிக்கொண்டேன். ஒரு வரியில் அடங்கவில்லை. ஒரு பக்கம் ஆனது. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

(நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்கு மேல். எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் அதை உத்தி என்று நினைக்கவேண்டாம். கை வலி.)

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'1984ஆம் ஆண்டு, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில்' என்று ஒன்று. பள்ளிக்கூடப் புத்தகம் போல இருந்தது. விட்டேன்.

'இசை என்பது ஒரு'

என்ன என்று தெரியவில்லை. விட்டேன்.

"மீனாட்சிக்கா, ஒங்களுக்கு சால்டர் வைக்கத் தெரியும்தானே?" இதை வைத்துக்கொள்ளலாம். ஒருவன் உண்மையாகவே சொன்னது.

சொன்னவன் ஹனீபா. மீனாட்சி நான். பாயான் லெப்பாஸில் ரேடியோப் பலகைகளுக்கு ஈயம் வைக்கிற லைனில் ஆப்பரேட்டர். பச்சைப் பலகை வரும். எனக்கென்று குறித்த இடங்களில் ஈயம் வைப்பேன். பலகை போய்விடும். அடுத்தது வரும். அவற்றில் ஒன்றுகூடப் பாடி நான் கேட்டதில்லை.

ஹனீபா பகலில் சோறு அள்ளிப்போடுகிறவன். சனி ஞாயிறில் பரமநாதன் மாஸ்டரின் இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிதார். அந்த வருடம் எல்லாக் கல்யாணத்திலும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். பாட்டின் பெயர் வேண்டாம். நடுவில் இரண்டு இடத்தில் கிதார் குளவி மாதிரி இரையும், அதற்காகத்தான் கேட்டார்கள். வெறும் கிதாரில் அந்தச் சத்தம் வராது. காலடியில் ஒரு பெட்டியை வைத்து மிதிக்கவேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஃபஸ்.

மாஸ்டர் புதிதாகக் கீபோர்ட் வாங்கியிருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் கிதார். ஹனீபாவிடம் சொன்னாராம்: "சிம்பாங் அம்பாட் கல்யாணத்துல அந்தக் குளவி வரணும் தம்பி. வரலன்னா நானே அமுக்கிக்கிறேன். வேன்ல ஒரு ஆள் எடம் மிச்சம் லா."

3

ரோப் வாக் பழைய சாமான் சந்தையில் மூன்று பெட்டி கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம் என்றோம். சீனக் கடைக்காரர், தௌகே, ஹனீபாவின் அடையாள அட்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு சரி என்றார்.

கடை மாடியில் காலையில் வாசித்தான். முதலாவது, வட்டமான சீமைப் பெட்டி. தேங்காய் திருகுகிற மெஷின் போலச் சத்தம். இரண்டாவது ஜப்பான். காதுக்குள் கொசு. மூன்றாவதை யாரோ வீட்டில் செய்திருக்கிறார்கள், பெயர் ஊர் எதுவும் கிடையாது. அதை மிதித்தான். தொண்டை கட்டிய ஆள் ஒருவர் கோபப்படுவது போல ஒரு சத்தம். அது நீண்டுகொண்டே போனது. ஹனீபா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கீழே யாரோ இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்கள்.

அந்த மூன்றாவது பெட்டிக்கும் பிறகு வாங்கிய சாமானுக்குமாக முப்பத்திரண்டு ஐம்பது நான் போட்டேன். கூலி பதினைந்து. கூலி வேண்டாம் என்றேன், அவன்தான் போட்டுக்கொள்ளச் சொன்னான். கையில் இல்லாத பணத்தில் தாராளம் காட்டுவது சுலபம்.

குழுவின் மற்றப் பெட்டிகளோடு கலந்துவிடாமல் இருக்க, அதன்மேல் 'ஃபஸ்' என்று எழுதித் தரச் சொன்னான். ஃபேக்டரி வெள்ளைப் பேனா என்னிடம் இருந்தது. எழுத்துதான் இல்லை. யோகலட்சுமி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஃ சொல்லிக்கொடுத்த அன்று எனக்கு ஓவர்டைம். ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கம், இன்னும் அங்கே போய்ச்சேரவில்லை. இருக்கிற எழுத்தை வைத்து எழுதினேன்:

பசு

ஹனீபா மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம் மாதிரி. நல்லா இருக்கு என்றான்.

(இப்போது எனக்கு ஃ, ஸ் இரண்டும் தெரியும். முதல் பக்கத்திலேயே கவனித்திருப்பீர்கள்.)

4

மத்தியானம் பசு படுத்துவிட்டது.

மாடித் தகரக் கூரை வெயிலில் காய்ந்ததும் குளவி அடங்கி, மூக்கடைத்த மாதிரி 'ம்ம்' என்றது. மறுநாள் காலையில் மறுபடி குளவி. மத்தியானம் மறுபடி ம்ம். எனக்கு ஈயம் வைக்கத் தெரியும். ஏன் என்று தெரியாது. எங்கள் லைன் டெக்னீஷியன் அர்ஜுனனைக் கேட்டேன். உள்ளே இருப்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்*, பழைய சாதி, வெயில் தாங்காது, சிலிக்கன் போட்டால் தாங்கும் என்றான்.

* நம் ஊரில் டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோ. நான் சொல்வது அதன் வயிற்றுக்குள் இருக்கும் மூன்று கால் சாமான். குண்டுமணி அளவு. பெட்டிக்குள் அப்படி இரண்டு இருந்தது.

இரண்டையும் எடுத்துவிட்டுச் சிலிக்கன் போட்டேன். வெயிலுக்கு அசரவில்லை. ஹனீபாதான் முகத்தைச் சுளித்தான்.

"கண்ணாடியில ஆணி கீறுற மாதிரி இருக்குக்கா."

"சத்தம் வருதுல்ல?"

"வருதுக்கா. வேற யாரோ பேசுற மாதிரி வருது."

பழையதில் ஒன்றைத் திரும்ப வைத்தேன். முன்னால் பழையது, பின்னால் புதியது. பக்கவாட்டில் துளை போட்டு ஒரு திருகும் வைத்தேன், படுக்கப் பார்த்தால் சற்றுத் திருகி எழுப்பலாம். முன்னைவிட அதிக நேரம் நின்றது. ஆனாலும் உச்சி வெயிலில், மேடை விளக்கின் கீழே,

(இங்கே ஒரு நல்ல வாக்கியம் வந்திருக்கவேண்டும்.)

5

குளிர்ச்சியாக வைத்திருந்தால் போதும் என்று ஹனீபாவே ஒரு வழி கண்டுபிடித்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கடை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

நாசி கண்டார் கடை ஐஸ் பெட்டி. அதற்குள் கனமாக ஒரு பொட்டலம். பை வழியே தெரிகிற வெள்ளை எழுத்தில் 'பசு'.

காலையில் நான் போனபோது அது சோற்று அடுப்பின் பக்கத்தில் இருந்தது. ஹனீபாவின் உம்மா, ஹபீபா பீவி, கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். கறி இளகட்டும் என்று வைத்தாராம். நாலு மணியிலிருந்து இளகிக்கொண்டிருக்கிறதாம், இன்னும் கத்தி இறங்கவில்லையாம்.

"உம்மா, இது கறியில்ல. கிதார் பெட்டி."

"அப்ப ஏன்டா பசுன்னு எழுதியிருக்கு? எழுதின மகராசி யாரு? நானும் இத்தனை வருசமா கறி வாங்குறேன், எந்தக் கடைக்காரனும் பசுன்னு எழுதிக் குடுத்ததில்ல."

நான் அங்கேதான் நின்றேன். ரோஸ் சிரப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடிப்பதை நிறுத்தவில்லை.

ஹனீபா பெட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

6

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று நினைக்கிறேன். பரமநாதன் மாஸ்டரை வைத்துப் பார்த்தேன். பகலில் கணக்காளர், பணம் எண்ணுகிற ஆள், பொருத்தமாக இருந்தது. ஒரு மீசைகூடக் கொடுத்தேன்.

ஆனால் வேனுக்குப் பெட்ரோல் போடுவது அவர். கல்யாண வீட்டில் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள் என்றால் தன் பங்கை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவரும் அவர். மீசையை எடுத்துவிட்டேன். அவருக்கு உண்மையிலும் மீசை இல்லை.

7

கல்யாணப் பெண் அருந்ததி எங்கள் லைன். அதனால் எனக்கும் அழைப்பு. குழுவின் வேனிலேயே போனேன், கீபோர்டுக்கும் டிரம்முக்கும் நடுவில்.

ஃபெர்ரியில் ஏறியதும் எல்லாரும் வேனை விட்டுக் காற்று வாங்க இறங்கினார்கள். ஹனீபா பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து, கம்பிக்கு வெளியே கடல் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றான். அக்கரை பட்டர்வொர்த் வரும்வரை அப்படியே. ஒரு சீனப் பாட்டி, ஏதோ சாம்பல் கரைக்கிறான் என்று நினைத்துத் தலைகுனிந்தார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று இருக்கிறது.

அ) பெட்டி கடைசிவரை இரைந்தது. கூட்டம் எழுந்து நின்றது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (டீச்சருக்கு இது பிடிக்கும்.)

ஆ) பெட்டி முதலிலேயே செத்தது. மாஸ்டர் பொத்தானை அமுக்கினார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. (இது சோகம். அடுத்த வேலைநாள் காலையில் எழுந்து ஃபேக்டரி பஸ் பிடிக்கவேண்டியவர்களுக்கு இது எதற்கு?)

இ) நடந்தது.

பாட்டின் முதல் இடத்தில் ஹனீபா மிதித்தான். குளவி வந்தது. பந்தலின் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி திரும்பினார்கள். நான் சாப்பிடவில்லை. நான் வைத்த ஈயம் அது. என் விரலுக்குத் தெரியும், ஒவ்வொரு புள்ளியும். அது கத்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது இடம். மறுபடி மிதித்தான். விளக்குச் சூடு ஏறியிருந்தது. ஹனீபா குனிந்து திருகைத் திருகினான். குளவி கீழே இறங்கியது, இறங்கி, நீளமாக, தெளிவாக,

ம்ம்ம்மா.

முன்வரிசைப் பிள்ளைகள் திருப்பி 'மா' என்றார்கள். மாஸ்டரின் விரல் ஏற்கனவே பொத்தானில் இருந்தது. மிச்சத்தைக் கீபோர்ட் வாசித்தது, ஒரு பிசகும் இல்லாமல். வீடியோவில் மாடு நன்றாக விழுந்திருக்கிறது என்று அருந்ததி பிறகு சொன்னாள்.

வேனில் திரும்பினோம். ஃபெர்ரி நடுக்கடலுக்கு வந்த பிறகு மாஸ்டர் முன்சீட்டிலிருந்தே சொன்னார்: "தம்பி, அடுத்த மாசம் மொத செவ்வாக்கெழம ரிஹர்சலுக்கு கிதார மட்டும் கொண்டா. மாட்ட வீட்டுல கட்டிட்டு வா."

வேனில் இடம் உண்டு என்று அர்த்தம். பெட்டிக்கு இல்லை என்றும் அர்த்தம். நல்ல மனிதர், இரண்டையும் ஒரே வாயில் சொல்லிவிட்டார்.

படகுத்துறையில் இறங்கும்போது ஹனீபா என்னிடம் சொன்னது: "ஒங்க காசுக்கா. பெட்டிய தௌகேகிட்டயே வித்து குடுத்துடறேன்."

விற்கவில்லை. அதனால்தான் மங்கு கழுவுகிறான்.

9

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் விட்டுப்போன பாடத்தை எனக்காகத் திரும்ப எடுத்தார். பலகையில் மூன்று புள்ளி வைத்தார். எனக்கு இது தெரியுமே என்றேன். டிரான்சிஸ்டரைக் கவிழ்த்துப் பிடித்தால் மூன்று காலும் இப்படித்தான் இருக்கும்.

"அதுக்குப் பேரு ஆய்தம், மீனாட்சி."

"பேருதான் டீச்சர் தெரியாம இருந்திச்சு."

பெட்டிக்கு வெளியே நான் விட்டுவிட்ட எழுத்து, உள்ளே இரண்டு இருந்திருக்கிறது. அதில் ஒன்றை என் கையால் மாற்றியிருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. அன்றுதான் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

இப்போது சீட்டின் கடைசி வரி பாக்கி. 'பணத்தைக் கொடு' என்று எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஹனீபாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உம்மாதான் வாசிப்பார். நாற்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு என்ற இடத்தில் நிறுத்தி மகனைப் பார்ப்பார். சாயங்காலத்துக்குள் பெட்டி ரோப் வாக்கில் இருக்கும். பிறகு பொத்தான்தான்.

நாற்பத்தேழு வெள்ளி எனக்குச் சின்னப் பணம் இல்லை. அதை எழுதி வைக்கிறேன், நல்ல மனசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. லைனில் என் கையைத் தாண்டிப்போன பலகைகள் எந்த ஊரில் யார் வீட்டில் பாடுகின்றன என்று எனக்குத் தெரியாது. நான் காதால் கேட்டது இந்த ஒன்றைத்தான். பாதிப் பாட்டு. மிச்சம் மாடு.

வருகிற செவ்வாய்க்கிழமை ஹனீபா கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போவானா, பெட்டியையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவானா? நான் எழுதமாட்டேன். அன்றைக்கு எனக்கு ஷிஃப்ட். கோயில் தெரு மண்டபத்தில் ஒத்திகை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் வாசலில் நின்று கேளுங்கள். குளவியா, மாடா, பொத்தானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மேலே எழுதியதையெல்லாம் நான் வைத்துக்கொள்கிறேன். கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு இதுதான்:

ஹபீபா பீவி அக்காவுக்கு. ஹனீபாவிடமிருந்து நாற்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு பெற்றுக்கொண்டேன். பாக்கி எதுவும் இல்லை. பெட்டியில் உள்ளது ஃபஸ். கறி இல்லை. அடுப்புப் பக்கம் வைக்கவேண்டாம்.

மீனாட்சி