நடுக்கதவு

கப்பலின் வரைபடத்தில் அறைகளெல்லாம் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தது போல இருந்தன. பயண அலுவலகத்துப் பெண் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, பென்சிலால் ஒவ்வொரு தளமாகத் தொட்டுக் காட்டினாள். ஸ்கேனரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. விமான நிலையத்தில் பயணிகளின் பைகள் பெல்ட்டில் ஊர்ந்து பெட்டிக்குள் நுழையும். உள்ளே இருப்பதை நிறத்தையும் நிழலையும் வைத்து அவள் சொல்ல வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

“இந்த ஜன்னல் அறைக்கு வெளிய என்ன தெரியும்?” என்று கேட்டாள்.

“கடல்தாம்மா.”

“கடலை மறைச்சுக்கிட்டு எதுவும் இல்லையே?”

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். “உயிர்காப்புப் படகு தொங்கும். பாதி மறைக்கும்.”

ஸ்கேனரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். நான் மட்டும் வரவில்லையென்றால் உங்கள் தலையில் மிளகாய் அரைத்திருப்பார்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். இந்தப் பயணமே அவருடைய யோசனைதான். அக்காவின் கணவர் தவறி ஒரு வருடம் ஆகிவிட்டது, அக்கா வீட்டோடு கிடக்கிறாள், குடும்பமாகக் கப்பலில் போய் வந்தால் முகம் தெளியும் என்றார். அவருடைய தம்பி, பிள்ளைகுட்டிகளோடு படுக்க ஒரு பெரிய அறையை அப்போதே பதிவு செய்துவிட்டான். இவர்கள் இருவருக்கும் ஓர் அறை, அக்காவுக்கு ஓர் அறை, இவ்வளவுதான் பாக்கி.

அவர்களோடு வந்திருந்த அந்த அக்கா, ஸ்கேனரம்மாவின் நாத்தனார், விரலை நீட்டி, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்ன அம்புக்குறியைத் தொட்டாள். “இது என்னம்மா?”

“அது நடுக்கதவு. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகலாம். ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருக்கும். ரெண்டு பேரும் திறந்தாத்தான் திறக்கும்.”

“அப்ப அதையே போட்டுடு. கூட ஆனா நான் குடுத்துக்கறேன்.”

எச்சில் கையால் காக்கை ஓட்டாத நாத்தனார் கூடக் கொடுக்கிறேன் என்கிறாள். எலி அம்மணமாக ஓடினால் சும்மாவா ஓடும்? ஸ்கேனரம்மாவுக்கு அந்த நிமிடமே பொறி தட்டியது. ஆனால் அலுவலகத்தில் வைத்து என்ன சொல்ல முடியும்? இரண்டு அறைகளும் அவர்கள் பெயரில் ஏறிவிட்டன.

அன்று இரவு படுத்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டாள். “உங்க அக்காவுக்கு எதுக்கு நம்ம அறையில கதவு?”

“கதவுதானே. பிடிக்கலைன்னா தாழ் போட்டுக்கோ.”

“தாழ் போட்டா, தம்பி பொண்டாட்டி மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டான்னு சொல்லுவாங்க. போடலைன்னா, நான் எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன உடுத்தினேன்னு எல்லாம் ஊருக்குப் போகும். ரெண்டு பக்கமும் இடிதான் எனக்கு.”

அவரிடமிருந்து பதிலாகக் குறட்டைதான் வந்தது. சுவர் அதிரும் குறட்டை அது. கல்யாணமான நாளிலிருந்து அதோடுதான் அவள் மல்லுக்கட்டுகிறாள். காலையில் அதைச் சொன்னால், “நீயும்தான் விடற,” என்பார். தப்பித்துக்கொள்ள ஆண்கள் கட்டிவிடும் கதை என்று அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை.

படுத்துக்கொண்டே சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இந்த ஒரு வருடமாக நாத்தனார் தினமும் படுக்கப் போகிற நேரத்துக்கு போன் செய்கிறாள். சாப்பிட்டாச்சா, என்ன சாப்பிட்டீங்க, கதவெல்லாம் பூட்டியாச்சா என்று ஒன்றுமில்லாத கேள்விகள். பேச்சு தீர்ந்த பிறகும் வைக்க மாட்டாள். இது வேவு இல்லாமல் வேறென்ன? இங்கே வந்து தங்கினால் இரவெல்லாம் விளக்கை எரிய விடுவாள். கரண்ட் பில் தம்பி வீட்டுடையதுதானே. கூட்டிக் கழித்துப் பார்த்தால், தான் இல்லாத வீட்டையும் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் கணக்கு வந்தது. ஸ்கேனரம்மாவுக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் பயண அலுவலகத்துக்குப் போனாள். நாத்தனாரின் அறையை மட்டும் அதே தளத்தின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னாள். “கேட்டா, கப்பல் கம்பெனியே மாத்திட்டாங்கன்னு சொல்லிடும்மா.”

“பெரியவங்களாச்சே...”

“பெரியவங்கதான். அவங்களுக்கு லிஃப்ட் பக்கத்துல இருந்தா நல்லது. நீ மாத்து.”

அன்று இரவு போன் வரவில்லை. அதற்கடுத்த நாள் கணவருக்குத்தான் சேதி வந்தது. “அக்கா கப்பலுக்கு வரலையாம். முழங்கால் வலியாம்,” என்றார். முகம் தொங்கிவிட்டது. “யாருக்காக இவ்வளவும் செஞ்சேனோ அவளே வரலைன்னா நான் எதுக்குப் போகணும்?”

ஸ்கேனரம்மாவுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. சட்டென்று மறுபடி பொறி தட்டியது. முழங்கால் வலியா? போன வாரம் லிஃப்ட் வேலை செய்யாதபோது இரண்டு கையிலும் பையோடு படியேறி வந்தவளுக்கா? பெல்ட்டுக்கு முன்னால் சண்டை போடுகிறவனைக்கூட விட்டுவிடலாம், எதுவும் பேசாமல் பையை விட்டுவிட்டு நடக்கிறவனைத்தான் விடக்கூடாது. அன்று வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பாடம் எடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: “திரையில தெரியறது நிழல்தான். சந்தேகம் வந்தா திறந்து பாரு. திறக்காம யார் மேலயும் பழி போடாதே.” சொன்ன வாய்க்கு உறுத்தியது. நாத்தனார் விஷயத்தில் தான் எதைத் திறந்து பார்த்தோம் என்று யோசித்தாள்.

முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு மத்தியானமே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். தன் கணவர் இறந்த பிறகு நாத்தனார்தான் தம்பி வீட்டுக்கு வருவாள். இவர்கள் யாரும் அங்கே போய்த் தங்கியதில்லை. நாத்தனார் கதவைத் திறந்ததும் உள்ளே நுழைந்த ஸ்கேனரம்மா கூடத்தின் நடுவே நின்றுவிட்டாள். சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் போட்டிருந்தது. தலையணை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் குறுக்கே துணி காயப்போடும் ஸ்டாண்ட் நின்றது.

“என்ன அண்ணி, கட்டில் இங்க இருக்கு?”

“காத்து வரும்.”

“ஜன்னல் அந்தப் பக்கம் இல்ல இருக்கு?”

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ அதட்டினார்கள், பிறகு யாரோ கொஞ்சினார்கள். எல்லாம் பக்கத்தில் நடப்பது போலவே கேட்டது. நாத்தனாரின் முகம் இளகியது.

“இது கேட்டாத்தான் தூக்கம் வருது,” என்றாள். “அவர் தூக்கத்துலயே போயிட்டார், தெரியும்ல. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். எழுந்து பால் வாங்கி வெச்சுட்டு, பால்காரனைத் திட்டிக்கிட்டே அவர்கிட்ட ஏதேதோ பேசிக்கிட்டிருந்தேன். பதில் வரலையேன்னுகூடத் தோணலை. அதுலேர்ந்து, ஒரு மூச்சுச் சத்தமும் கேட்காத அறையில என்னால படுக்க முடியலை.”

“அதனாலதான் போன் பண்ணுவீங்களா?”

“நீ சிடுசிடுன்னு பேசினாலும் ஒரு குரல்தானே.”

ஸ்கேனரம்மா தைலப் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “அப்ப அந்த நடுக்கதவு...”

“கப்பல்ல யார் சுவரை ஒட்டிப் படுக்கறது? கதவை ஒரு விரல் அளவு திறந்து வெச்சா தம்பியோட குறட்டை கேட்கும். ஊரையே எழுப்பற குறட்டை, எனக்காவது தூக்கம் தரட்டுமேன்னு பாத்தேன்.”

கல்யாண நாளிலிருந்து தான் சபித்த குறட்டையை ஒருத்தி காசு கொடுத்து வாங்க வந்திருக்கிறாள். அதற்குப் போய்க் குறுக்கே நின்றோமே என்று நினைத்தபடி ஸ்கேனரம்மா தைலப் பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். “அண்ணி, அந்த அறையை மாத்தினது கப்பல் கம்பெனி இல்லை,” என்றாள்.

“தெரியும். என் அறை மட்டும்தான் மாறியிருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னா. கப்பல்காரனுக்கு என் மேல என்ன கோபம்?”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலை?”

“கேட்டா நீ பதில் சொல்லணும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல எப்படிப் போறது? நான் வராம இருந்துட்டா பிரச்சினை தீர்ந்தது.”

ஸ்கேனரம்மா அங்கேயே நின்று பயண அலுவலகத்துக்கு போன் போட்டாள். நடுக்கதவு வைத்த பழைய அறையைத் திரும்பக் கேட்டாள். அதை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். அந்தத் தளத்தில் நடுக்கதவு வைத்த ஜோடி அறை எதுவுமே மிச்சமில்லையாம். நாத்தனார் போனில் வந்த பதிலைக் கேட்டும் கேட்காதது போல, கட்டில் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி, லிஃப்ட் பக்கத்து அறையில ரெண்டு பேர் படுக்கலாமா?” என்றாள் ஸ்கேனரம்மா. “அப்ப என் பேரை அங்க மாத்தும்மா. அவர் தனியா இருக்கட்டும்... ஆமா, அவருக்குத் தெரியாது. நானே சொல்லிக்கறேன்.”

போனை வைத்ததும் நாத்தனார் நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். விமான நிலையத்தில்கூட இப்படி ஒரு பார்வையை ஸ்கேனரம்மா பார்த்ததில்லை.

“நீயா என்கூடப் படுக்கப் போற? என்ன விஷயம்?”

“ஒரு விஷயமும் இல்லை.”

“நீ வந்து என்ன பிரயோஜனம்? பூனை மாதிரி சத்தமில்லாம தூங்குவ. எனக்குச் சத்தம் வேணும்.”

“நானும் குறட்டை விடுவேனாம். உங்க தம்பி சொல்றார்.”

“அவன் சொல்லட்டும். நீதான் அதை எப்பவும் ஒத்துக்க மாட்டியே. நம்பறியா?”

ஸ்கேனரம்மா தன் குறட்டையைத் தானே கேட்டதில்லை. கணவரின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சியும் கிடையாது.

“நம்பறேன் அண்ணி,” என்றாள்.