சுட்டுவிரல்

சிவப்புக் காய் குழியின் வாயிலேயே நின்றிருந்தது. சின்னக் குழந்தை தட்டினால்கூட விழுந்துவிடும். ஷண்முகப்ரியா ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள், சுட்டுவிரலை வளைத்தாள், விட்டாள். ஸ்ட்ரைக்கர் பாதிப் பலகைகூடப் போகாமல் சோம்பேறித்தனமாக நின்றுகொண்டது. விரல் ஸ்ட்ரைக்கரில் பட்டதா இல்லையா என்பதே அவளுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. எதிரே மெஹபூப் அலி உட்கார்ந்திருந்தார். தி.நகரில் ஒரு மாடி அறையில் அந்தக் கேரம் சங்கத்தை நடத்திவருபவர் அவர். பள்ளிக்கூட நாட்களிலிருந்து இவள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். மிச்சமிருந்த காய்களைக் கையால் கூட்டி நடுவில் சேர்த்துவிட்டு, "மாநில அணிக்கு செலக்‌ஷன் வருது. இந்த விரல வெச்சிக்கினு வராதம்மா. மனசு கஷ்டப்படும்" என்றார்.

மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலை கிடைக்க வழியுண்டு. வீட்டில் எல்லோரும் நம்பியிருந்ததும் அதைத்தான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அவள் சேர்ந்த வேலைதான் விரலைத் தின்றுகொண்டிருந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே, துரைராஜ் என்பவர் நடத்திய சின்னக் கம்ப்யூட்டர் அலுவலகம் அது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கடைகளின் இணைய முகவரிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தது. அந்த முகவரிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. முகவரியை எடுத்து பிரவுசரில் ஒட்ட வேண்டும். டெலிபோன் லைன் வழியாகப் பக்கம் மெல்ல மெல்ல இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். திறந்தால் ஒரு குறி, திறக்காவிட்டால் இன்னொரு குறி. பிறகு அடுத்த முகவரி. காலையிலிருந்து சாயங்காலம்வரை க்ளிக், க்ளிக், க்ளிக். முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு மணிக்கட்டுவரை எறும்பு ஊர்ந்தது. மௌஸை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். வேலை பாதியாகக் குறைந்து, துரைராஜ் இரண்டு முறை அவள் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனார். டாக்டரிடம் போனபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "வேலைய விடு. இல்ல, வெரல விடு."

எதை விடுவது என்று தெரியாமல் ஒரு மதியம் கையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தவள், பக்கத்து மேசையில் கூட வேலை செய்யும் வஜீஹா விரித்துப் போட்டிருந்த கம்ப்யூட்டர் பத்திரிகையைச் சும்மா புரட்டினாள். புதிதாகக் கற்பவர்களுக்கென்று ஒரு பக்கம். பத்து வரி எழுதினால் பிரவுசர் தானே திறந்து, சொன்ன பக்கத்துக்குப் போகும் என்று போட்டிருந்தது. ஷண்முகப்ரியா படித்தது பி.காம். ப்ரோக்ராம் எழுதுவது வேறு சாதி ஜனங்களின் வேலை என்று நினைத்திருந்தாள். ஆனாலும் நோட்பேடைத் திறந்து, இடது கை விரல்களால் பார்த்துப் பார்த்து அந்தப் பத்து வரியை அடித்தாள். ஓட்டியபோது நான்காவது வரியில் பிழை என்றது. ஒரு மேற்கோள் குறியை மூட மறந்திருந்தாள். மூடிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

திரையில் பிரவுசர் ஜன்னல் தானாக விரிந்தது. முகவரி தானாக வந்து உட்கார்ந்தது. பக்கம் இறங்கத் தொடங்கியது. அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"இன்னாடி இது, பேய் பூந்துகிச்சா?" என்று வஜீஹா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அதையே நோண்டினார்கள். இந்த முகவரிக்குப் போ. பக்கம் இறங்கும்வரை காத்திரு. 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை' என்ற வாசகம் அதில் இருக்கிறதா பார். இருந்தால் இறந்தது என்று குறி, இல்லாவிட்டால் உயிர் என்று குறி. அடுத்த முகவரிக்குப் போ. சமையல்காரிக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. 'காத்திரு' என்பதைச் சொல்ல மறந்தபோது அது வெற்றுப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எல்லாக் கடையும் உயிரோடு இருப்பதாகச் சாதித்தது. இருவரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு நாள் எல்லாம் கூடிவந்தது. ஓடவிட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து, ஷண்முகப்ரியா வெகுநாள் கழித்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"நம்ம வேலைய அதுவே செஞ்சிட்டா, நம்மள எதுக்குடி சார் வெச்சிப்பாரு?" என்றாள் வஜீஹா திடீரென்று.

எடுத்த சோறு டப்பாவுக்கே திரும்பியது. "அவர்ட்ட சொல்ல வேணாம், வஜீ" என்றாள் ஷண்முகப்ரியா.

அன்று சாயங்காலம் துரைராஜ் முடிந்த வேலையையெல்லாம் சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்ப உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் தன் கோப்பை மேலோட்டமாகப் பார்த்தாள். மதியத்துக்குமேல் ஒரு கடைகூட உயிரோடு இல்லை. பூக்கடை, செருப்புக்கடை, வக்கீல் அலுவலகம், எல்லாம் வரிசையாக இறந்து கிடந்தன. டெலிபோன் லைன் எப்போதோ அறுந்திருக்கிறது. அது தெரியாமல் அவர்கள் எழுதிய ப்ரோக்ராம் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஊரே செத்துவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறது. அனுப்பிவிட்டால் அத்தனை பேர் கடையும் தொகுப்பிலிருந்து போய்விடும்.

"சார், அனுப்பாதீங்க!"

துரைராஜ் திரும்பிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விரலிலிருந்து தொடங்கி, பத்திரிகை, பத்து வரி, அறுந்த லைன் வரை. சொல்லும்போதே வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டதால் குரல்கூட நடுங்கவில்லை. வஜீஹாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஆனால் வஜீஹாவே எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஓட்டிக் காட்டு" என்றார் துரைராஜ்.

மறுபடி டயல் செய்து லைனை இணைத்துவிட்டு ஓட்டினாள். ஜன்னல்கள் திறந்து திறந்து மூடின. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன வாரமே அந்த அமெரிக்காக்காரன் கடுதாசி போட்டுட்டான்மா. இன்னும் வேகமா செய்யி, இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்றான். உங்க ரெண்டு பேருகிட்டயும் எப்படி சொல்றதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருந்தேன்." பெருமூச்சு விட்டார். "இதையா என்கிட்ட மறைச்ச?"

"எங்கள நிறுத்திடுவீங்களோன்னு சார்" என்றாள் வஜீஹா நேராக.

"மெஷினுக்கு லைன் அறுந்ததே தெரியல. அது சொன்னத நம்பி அனுப்பிருந்தா இன்னா ஆயிருக்கும்? பாத்துக்க ஆளு வேணாமா?" என்று சிரித்தார். சிரித்ததும் அவருக்கே இறுக்கம் தளர்ந்தது போலிருந்தது. "மொதல்ல அந்தக் கோளாற சரி பண்ணுங்க. வஜீஹா மெஷின்லயும் போடுங்க."

படியிறங்கும்போது வஜீஹா, "இன்னிக்கு சொல்றாரு. நாளைக்கு இன்னா சொல்வாரோ" என்றாள். சொன்னாலும் அவள் நடையில் துள்ளல் இருந்தது. ஷண்முகப்ரியாவோ பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். உட்கார வேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் நான்கு வரி சேர்த்தார்கள். ஒரு கடை திறக்காவிட்டால், எப்போதும் திறக்கும் பெரிய தளம் ஒன்றைத் தட்டிப் பார். அதுவும் திறக்காவிட்டால் கோளாறு நம்மிடம்தான். நின்றுவிடு, கூப்பிடு. மதியம் மெஷின் கீச்சென்று கூப்பிட்டபோது லைன் நிஜமாகவே அறுந்திருந்தது.

கைக்கு ஓய்வு கிடைத்தது. சந்தேகமானவற்றை மட்டும் அவர்கள் கண்ணால் பார்த்துச் சரிசெய்தார்கள். ஆடி போய் ஆவணி பிறந்தது. மரத்த விரல் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. சில நாள் ஸ்ட்ரைக்கர் சொன்ன பேச்சைக் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. செலக்‌ஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், மெஹபூப் அலி சங்கத்துக்குக் கீழேயிருந்த கடையில் டீ வாங்கி அவள் கையில் கொடுத்தார். பாண்டி பஜாரில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஷண்முகப்ரியா கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி யாரோ பேரம் பேசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சுரீரென்றது. குனிந்து பார்த்தாள். சுட்டுவிரல் நுனி டம்ளரில் ஒட்டிச் சிவந்திருந்தது.

"சுடுதாம்மா? விளிம்பப் புடி" என்றார் அவர்.

"சுடுது பாய்" என்றாள். விரலை எடுக்கவில்லை.