பத்தாயிரத்து ஏழு மரங்கள்

மலாயாவில், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வைத்தியலிங்கம் பெரிய கிராணி, கணக்கும் பேரேடும் அவர் கையில். யாழ்ப்பாணத்தில் கணக்குக்கு முதல் பரிசு வாங்கியவர். இதை வாரம் தவறாமல் அவரே சொல்வதால் தோட்டம் முழுக்கத் தெரியும்.

புதுக்காட்டு ரப்பர் மரங்களில் அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பால் வெட்டப் போகிறார்கள். பழைய காட்டில் ஒருவனுக்கு மரம் கூட, ஒருத்திக்குக் குறைவு என்று அடிதடியே நடந்திருந்தது. அதனால் தோட்டத்துத் துரை கிராணிக்கு உத்தரவு போட்டார்: முப்பது பேருக்குள் எத்தனை ஆளையும் வைத்துக்கொள், ஆளுக்குச் சமமாக மரம், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சனிக்கிழமைக்குள் பட்டியல் வராவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வேறு கிராணி வருவார்.

எண்ணினார்கள். பத்தாயிரத்து ஏழு மரம்.

"அரை மணித்தியால வேலை," என்று கிராணி உட்கார்ந்தார். இருபத்தைந்து பேருக்குப் பிரித்தால் ஏழு மிஞ்சியது. இருபத்தெட்டுக்குப் பதினொன்று. முப்பதுக்குப் பதினேழு. எண்ணியவன் மேல்தான் தப்பு என்று கங்காணி காளியப்பனை மறுபடி விரட்டினார். அதே எண். மூன்றாம் தடவை தாமே கூடப் போய், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அதே எண்ணோடு திரும்பினார்.

பத்து பகாட் என்ற ஊரில் வாத்தியாராக இருந்த ஒன்றுவிட்ட தம்பி ஐயாத்துரைக்கு எழுதிக் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது: "அண்ணர், இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. ஒரே ஆள் முழுக்காட்டையும் வெட்டலாம். அல்லது பத்தாயிரத்து ஏழு பேர் ஆளுக்கொரு மரம்."

கிராணி கடிதத்தை மறுபடி படித்தார். துரை உத்தரவு போட்ட பிறகும் ஒரு எண் எப்படி மசியாமல் இருக்கும்?

தனக்கு எந்த மர வரிசை என்று கேட்க வந்த பால்வெட்டுக்காரி பேச்சியம்மாள் சொன்னாள்: "ஐயா, முனியாண்டி மரத்தையும் சேத்தா எண்ணுனீங்க? கன்னு நட்டப்பவே மஞ்சத்துணி கட்டி அவருக்கு விட்டாச்சே. அதுல யாரும் கத்தி வைக்க மாட்டோம்."

வேறு நாளென்றால் மூடநம்பிக்கை பற்றி நெடுநேரம் பேசியிருப்பார். இன்று ஒன்றைக் கழித்தார். இரண்டால் வகுபட்டு ஐயாயிரத்து மூன்று ஆனது. அதற்குமேல் அசையவில்லை. மொத்தக் காட்டுக்கும் இரண்டே ஆள்.

இன்னொன்றையும் கழித்துப் பார்த்தார். இருபத்தொன்பது பேர், ஆளுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து. மீதி இல்லை. ஏன் அப்படி என்று அவருக்கு விளங்கவேயில்லை.

காளியப்பனைத் தனியே கூப்பிட்டார். "உங்கட முனியாண்டிக்குத் துணையா ஆர் இருக்கினம்?"

"சங்கிலிக்கருப்பன் இருக்காருங்க."

"அவருக்கு மரம் வேண்டாமோ?"

"அவரு கேக்கலீங்களே."

"கேட்கச் சொல்லு."

அன்று மாலையே கருப்பன் கேட்டுவிட்டார். அவர் மரத்தில் கட்டிய துணி கிராணியுடைய பழைய வேட்டி, மஞ்சளில் முக்கியது.

சனிக்கிழமை துரை பட்டியலைப் பார்த்தார். "இது என்ன ரெண்டு மரம்?"

"சாமிகளுக்கு, சார்."

"எத்தனை சாமி?"

"ரெண்டு."

துரை விரலை மடக்கி யோசித்தார். "ஆளுக்கு ஒண்ணு. சமம்தான்," என்று கையெழுத்துப் போட்டார்.