மரகதம் சொன்ன ஓம்

குடியுரிமைச் சட்டத்தின் திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. கிருத்திகா 2005 பிப்ரவரியில் பெங்களூரு தொம்மலூரில் பிறந்தாள்.

அம்மா மரகதம் இறந்த காலையில், கிருத்திகா பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நர்சிங் படித்தவள், மூச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் அக்கா அன்னம்மாள் அத்தை சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிருத்திகா குனிந்தாள்.

"அம்மா, பெரியம்மாவ வீடியோவுல கூப்பிடட்டுமா? எல்லாரும் இருக்கும்போதே கூப்பிடட்டுமா?"

மரகதம் கண்ணைத் திறக்கவில்லை.

"ஓம்," என்றாள். தெளிவாக, சற்று உரக்கவே.

அத்தை விழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மரகதம் எதுவும் பேசவில்லை. வெயில் ஜன்னலுக்கு வருவதற்குள் மூச்சு நின்றது.

ஐஸ் பெட்டி வந்து சேருவதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது. இறந்த சேதி மட்டுமல்ல.

"ஓம்னு சொல்லிட்டு உசுர விட்டா," என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் என் காதால கேட்டேன். கோயில் பக்கமே அதிகம் போவமாட்டா. ஆனா உள்ளுக்குள்ள வெச்சிருந்திருக்கா பாரு."

"யாருக்குக் கெடைக்கும் அந்த மாதிரி," என்றாள் பக்கத்து வீட்டு லட்சுமம்மா. அங்கன்வாடி டீச்சர். கன்னடக்காரி, இந்தத் தெருவில் பிள்ளைகளை மிரட்டியே தமிழ் கற்றுக்கொண்டவள். "எங்க அத்தை போறப்போ டிவி ரிமோட் கேட்டுச்சு."

யாரோ சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கிருத்திகா மாலையைச் சரி செய்தாள்.

அவளுக்கு ஆமா தெரியும், கன்னடத்தில் ஹௌது தெரியும். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலைக்காக இரண்டு வருடம் வகுப்புக்குப் போனதில் யா தெரியும். அம்மா ஊரில் ஆமாவுக்குச் சொல்லும் ஓம் மட்டும் அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல். யூகேஜியில் பெயர் கூப்பிட்டபோது ஒருநாள் "ஓம் மிஸ்" என்றாள். மிஸ் அதை வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மரகதம் அவள் வாயிலேயே ஒன்று போட்டாள். அம்மா அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

மரகதம் இலங்கையில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். மண்டபம் அகதி முகாமுக்கு வெள்ளையடிக்கப் போன சிவசங்கரன் அவளைக் கல்யாணம் செய்து பெங்களூருக்குக் கூட்டிவந்தார். பரமக்குடிப் பக்கம், தாய் தகப்பன் இல்லாத பெண் என்று சொந்த அக்காவிடம்கூடச் சொல்லிவைத்தார். கதைக்கிறதை விட்டுப் பேசவும், எழும்புவதை விட்டு எந்திரிக்கவும் மரகதம் பழகிக்கொண்டாள். மன்னாரில் இருக்கும் அக்கா இராசமலரோடு போனில் பேசும்போது மட்டும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

முதலில் பயந்தது மரகதத்துக்காக. பிறகு பயம் கிருத்திகாவின் மேல் வந்து உட்கார்ந்தது. அண்ணன் சஞ்சய் 2003இல் பிறந்தவன். அன்றைய சட்டத்துக்குப் பெற்றவர்களில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். திருத்தத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது போதாது. மற்றவர் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவராக இருக்கக் கூடாது. யாருக்கோ கேட்பதுபோல் அப்பா சிவாஜிநகரில் ஒரு வக்கீலிடம் கேட்டார். "பையனுக்கு அப்பா போதும் சார். பொண்ணுக்கு அம்மாவும் சரியா இருக்கணும்," என்றார் வக்கீல்.

சஞ்சயின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கிருத்திகாவின் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டு அந்த வாரம் வருவதாக இருந்தது. அக்கம்பக்கத்துச் சாட்சிகளாக அவள் கொடுத்திருந்த பெயர்கள் இரண்டு: லட்சுமம்மா, எதிர்வீட்டு கோவிந்தப்பா.

கோவிந்தப்பா வெளியே ஷாமியானாவுக்குக் கீழே டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவர் போனில் கன்னடச் செய்தி விவாதம் ஓடவிட்டிருந்தார். ஊடுருவியவர்களைப் பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"எல்லாத்தையும் லாரில ஏத்தி பார்டர்ல எறக்கணும்," என்றார் போன்காரர்.

"உன்ன முதல்ல திருப்பத்தூர்ல எறக்கணும். நீ எப்போய்யா வந்த?"

"நான் தொண்ணூத்தாறுலயே வந்துட்டேன். நான் லோக்கல்."

"தொண்ணூத்தஞ்சுல வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா உன்னப் பத்தி?" என்றார் கோவிந்தப்பா. சிரிப்பு எழுந்து, சாவு வீடு என்ற நினைவில் அடங்கியது.

கிருத்திகா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பாவும் சஞ்சயும் பின்னாலேயே வந்தார்கள்.

"யாருக்குப் போடற?" என்றான் சஞ்சய்.

"பெரியம்மாவுக்கு."

"லூசா நீ? கூடம் ஃபுல்லா ஆளுங்க. அவங்க வாயத் தொறந்தாலே தெரிஞ்சிடும். எடுத்துட்டுப் போனப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம் எந்த மூஞ்சியப் பாப்பாங்க?"

"கண்ணு," என்றார் சிவசங்கரன். விரல் நகங்களில் பெயிண்ட் அப்படியே இருந்தது. "அந்த ஏட்டு வந்துட்டுப் போவட்டும். உனக்காகத்தானே இத்தன வருசம் அவ வாயக் கட்டிக்கினு இருந்தா. கடைசி நாள்ல நீ அவுத்து வுடாத."

"அவங்களே அவுத்துட்டாங்கப்பா."

"என்னா சொல்ற?"

"காலைல ஓம்னு சொன்னது சாமியில்ல. பெரியம்மாவ எல்லாரும் இருக்கும்போதே கூப்பிடட்டுமான்னு நான் கேட்டேன். அதுக்குச் சொன்னாங்க."

சிவசங்கரன் கேஸ் சிலிண்டர்மேல் உட்கார்ந்தார். சஞ்சய் குழாயைத் திறந்தான், மூடினான்.

"அவங்களுக்கு நெனவு இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு."

அப்பா எழுந்து போய், கூடத்தில் பெட்டியருகே இருந்த பெண்களை ஓரமாக நகரச் சொன்னார்.

மன்னாரில் உடனே எடுத்துவிட்டார்கள். திரையில் இராசமலரின் நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு முழு முகமும். கிருத்திகா போனை ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள்.

"ஐயோ, என்ர தங்கச்சி… எழும்படி. அக்கா வந்திருக்கிறன் பார். இவ்வளவு காலமும் தண்ணிச் சத்தத்துக்குள்ள நிண்டு கதைச்சியே, இண்டைக்கு ஒருக்கா வெளியில வந்து கதையடி…"

கூடத்தில் அழுகை நின்றது. வாசலில் விவாதத்தின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். கோவிந்தப்பா டீ கிளாஸோடு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். லட்சுமம்மா கிருத்திகாவைப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"பிள்ளை, கடைசியில அவள் ஏதும் சொன்னவளோ? என்னைக் கேட்டவளோ?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், பெரியம்மா," என்றாள் கிருத்திகா.

அன்னம்மாள் அத்தையின் தலை நிமிர்ந்தது. போனை வைத்த பிறகும் அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரமக்குடி இல்லியாடா?"

சிவசங்கரன் இல்லை என்று தலையசைத்தார்.

"எங்கிட்டகூடவா பயந்துக்கினு இருந்தா?" என்றாள். முந்தானையால் பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தாள். அதற்கப்புறம் வந்தவர்களிடம் அவள் அந்த ஓம் கதையைச் சொல்லவில்லை.

மாலையில் கல்பள்ளி மின்மயானத்தில் தகனம் நடந்தது.

ஏட்டு அதே வாரம் வந்தார். சாவு நடந்த வீடு என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லட்சுமம்மாவைக் கூப்பிட்டார். இந்தப் பெண் இங்கேதான் பிறந்தது, பிறந்த அன்றே நான் தூக்கியிருக்கிறேன் என்று அவள் கன்னடத்தில் சொன்னாள். அம்மா எந்த ஊர் என்று கேட்டதற்கு, "அத அந்தப் பொண்ணையே கேளுங்க சார்," என்றாள். கோவிந்தப்பா, தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததற்குச் சிவசங்கரனுக்குக் கொடுத்த கூலி தவிர அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார்.

"தாயி ஊரு?" என்றார் ஏட்டு.

சஞ்சய் பரமக்குடி என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கிருத்திகா சொல்லிவிட்டாள்.

"மன்னார்."

"அது எந்த ஜில்லா?"

"ஸ்ரீலங்கா சார்."

ஏட்டு பேனாவை எடுக்காமல் சற்று உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்.

ஏப்ரலில் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜெர்மனியில் அவளுக்கு ஒதுக்கிய இடத்துக்கு வகுப்பில் கூடப் படித்த வேறொரு பெண் போனாள். கிருத்திகா தொம்மலூருக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் உட்கார்ந்து பெரியம்மாவோடு பேசுகிறாள். குளியலறைக் குழாய் மூடியிருக்கிறது.