மழையில் நிற்கிற டயர்

என் வீட்டுக்காரர் சுகுமாறன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. ஒரு வடை, பாதி தேநீர், சரி என்று ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அதே மனிதர் இந்த வருடம் நான்கு டயர் வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டயர் எங்கள் ஜெர்மன் காருக்கு. எங்கள் என்பது சும்மா பேச்சுக்கு. இரண்டு பேர் ஓட்டி முடித்து மூன்றாவதாக இவர் கைக்கு வந்த கார் அது. நான்கு கதவு இருக்கிறது, ஆகவே குடும்பக் கார் என்று என்னிடம் சொல்லி வாங்கினார். மிதித்துப் பார்த்தால்தான் தெரியும், அது பந்தயத்துக்குப் பிறந்தது என்று. இவர் ஜொகூரில் பாசிர் கூடாங் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர், இருபது வருடம் ஒரு சின்னக் காரையே உருட்டிக்கொண்டிருந்தவர். மகள் லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவள் அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போன பிறகு இதை வாங்கினார். சரி, மனிதருக்கும் ஓர் ஆசை இருக்கும்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஆசை என்னை ஒரு நாள் நெடுஞ்சாலையில் வைத்துச் சுழற்றியது. சாமான் வாங்கிக்கொண்டு மாசாயில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. இவர் வேகமாகக்கூடப் போகவில்லை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது, அப்படியே அரைச் சுற்று, நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் போய் நின்றோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் லாரி எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, மழையிலேயே வீட்டைப் பார்த்து நடந்தேன். இவர் காரைப் புல்லிலேயே விட்டுவிட்டுக் குடையோடு பின்னால் ஓடி வந்தார். குடைக்குள்ளும் நான் போகவில்லை.

கார் எப்படியோ வீடு வந்து சேர்ந்தது, காரணத்தை மறுநாள் காலையில் நானே கண்டுபிடித்தேன். மாசாயில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதி பார்ப்பேன். கெச்சாப் போத்தலையும் விடமாட்டேன், பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கிற ரொட்டியையும் விடமாட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் டயர் பக்கத்தில் குந்தினேன். ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண். இணையத்தில் தேடினால், முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம் என்று போட்டிருந்தது.

“என்னாங்க, இங்க வாங்க. இந்த டயரு ரெண்டாயிரத்துப் பதினாறுல செஞ்சது. ஒம்பது வருசம்.”

“அது சிங்கப்பூர்ல கழட்டுன டயர் வாசுகி. அங்க உள்ளவங்க பாதி தேயறதுக்குள்ள மாத்திருவாங்க. புங்ஙா நல்லாத்தான் இருந்துச்சு.”

டயரில் வெட்டியிருக்கிற பள்ளத்தை மலாய்க்காரர்கள் புங்ஙா என்பார்கள், பூ என்று அர்த்தம். நாங்களும் அப்படியே சொல்வோம். பூவைப் பார்த்து வாங்கியிருக்கிறார் மனிதர், வயதைப் பார்க்கவில்லை. ஜொகூரில் இருக்கிற நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கழற்றிப் போட்டது என்றால் பாதி புதிது என்று நினைப்பு. ரப்பர் காய்ந்து கல்லாகி இருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம்தான் வலித்தது.

“காடிய வித்துருங்க,” என்றேன். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி.

அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் காரைத் துடைப்பார், ஓட்டமாட்டார், உள்ளே வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொள்வார். பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் என் நிபந்தனையைச் சொன்னேன்.

“புது டயர் போடுங்க. கொட்டுற மழையில என்னைய சாஆவுல இருக்கிற அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என் வயிறு கலங்காம இருந்தா காடி இருக்கட்டும். கலங்குச்சு, மறுநாளே வித்துரணும். சரியா?”

“சரி,” என்றார் உடனே.

வயிறு கலங்கத்தான் போகிறது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒளிப்பானேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று வாரம். வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எந்த நாட்டிலோ ஒரு வெள்ளைக்காரர் சாலையில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு அதில் காரை ஓட்டுகிற காணொளியை, நான் மீன் பொரிக்கிற நேரத்தில் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து காட்டுவார்.

“இதுக்குப் பேரு சம்மர் டயரு வாசுகி.”

“ஏன், நம்ம ஊருல பனியா பெய்யுது? வருசம் முழுக்க வெயிலுதானே!”

“அதான்லா. நமக்கு எல்லாமே சம்மர்தான். ஆனா அதுலயே வேகமா ஓடுற காடிக்குன்னு தனியா இருக்கு. ரப்பர் மெத்துன்னு இருக்கும், ரோட்டப் புடிச்சிக்கும். வெட்டு வேற மாதிரி இருக்கும்.”

“உங்க தலையில இருக்கு வெட்டு. தள்ளுங்க, எண்ணெய் தெறிக்குது.”

கடைசியில் ஒரு சனிக்கிழமை உலு திராமில் குணாளனின் டயர் கடைக்குப் போனோம். நான் இவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். காரை ஆலையில் வேலை செய்கிற ஒரு கூட்டாளி முன்னால் ஓட்டிக்கொண்டு போனார். அந்த டயரோடு நான் ஏறமாட்டேன் என்றால் ஏறமாட்டேன்தான்.

கடை வாசல் முழுக்கச் சிங்கப்பூர்க் கார்கள். அவர்கள் புது டயர் போட இங்கே வருகிறார்கள், நாம் அவர்கள் கழற்றியதைத் தேடிப் போகிறோம். குணாளன் மூன்று வகை டயரைத் தரையில் வைத்தான். முதலாவதைப் பார்த்ததும் இவர் கை தானாகப் போய் அதைத் தடவியது. கோடு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் மொழுமொழுவென்று இருந்தது.

“இது பந்தயம் ஓட்டுறவங்க கேக்குறது அண்ணே. காஞ்ச ரோட்டுல இத அடிச்சிக்க ஆள் இல்ல,” என்றான் குணாளன். அடுத்ததைக் காட்டினான். “இது நல்ல கம்பெனி, இப்ப ஆஃபர்ல போகுது.”

ஆஃபர் என்றதும் நான் குந்திவிட்டேன். கண்ணாடி, கைப்பேசி வெளிச்சம், நான்கு எண்.

“தம்பி, இது இருவதாம் வருசத்துச் சரக்கு. அஞ்சு வருசமா ஸ்டோர்ல தூங்கியிருக்கு.”

“அலமாக்! அக்கா, அதனாலதான் ஆஃபர்.” தலையைச் சொறிந்தான். “அண்ணே, அக்கா எங்க வேல செய்றாங்க? நம்ம கடைக்கு வரச் சொல்லுங்க.”

“பேச்ச மாத்தாத. மூணாவது என்னா?”

மூன்றாவதில் நடுவில் அகலமாக நான்கு பள்ளம் சுற்றிலும் ஓடியது. தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவதற்கு என்று குணாளன் விளக்கினான். தேதி பார்த்தேன். இந்த வருடம், பதினெட்டாம் வாரம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இவரைப் பார்த்தேன். கை இன்னும் முதல் டயர் மேலேயே இருந்தது.

“இதையே போடு குணா,” என்றார். மூன்றாவதைத்தான் சொன்னார். கையையும் எடுத்துவிட்டார்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணே,” என்று குணாளன் என் பக்கம் திரும்பினான். “மூணு வாரமா தெனம் மெசேஜ் அக்கா. கேள்வி ரெண்டுதான். மழையில எது நேரா நிக்கும்? அப்புறம், சத்தம் கம்மியா இருக்குமா, எங்க வீட்டுல அவங்களுக்குச் சத்தம் ஆவாதுன்னு. வேகத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. இந்தக் காடிய வச்சிக்கிட்டு இப்படிக் கேட்ட ஆள நான் பாத்ததே இல்ல.”

இவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். மூன்று வாரமும் நான் மனிதரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அவர் என்னை வைத்துத்தான் டயர் தேடியிருக்கிறார். அதற்காக அங்கேயே உருகிவிட முடியுமா?

“சீக்கிரம் மாட்டச் சொல்லுங்க, பசிக்குது,” என்றேன். திரும்பும்போது காரிலேயே ஏறினேன்.

அடுத்த நாள் காலையில் கோயில் வாசலில், புதுக் காருக்கு வைப்பது போல நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். காடி புதுசா என்று குருக்கள் கேட்டார். டயர் புதுசு என்று இவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்.

இனி மழை வரவேண்டியதுதான் பாக்கி. ஜொகூரில் மழைக்கா பஞ்சம்? வந்தது பாருங்கள் பஞ்சம். முதல் ஞாயிற்றுக்கிழமை கூலாய்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கிளம்பினோம். யோங் பெங் தாண்டும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. சாஆவில் என் அக்கா செல்லம் எங்களைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனாள். பிறகு கோழி வாங்க அத்தானைக் கடைக்கு விரட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனோம். ஒரு சொட்டு இல்லை. மூன்றாவது வாரமும் அதே கதை.

“என்னாடி வாரா வாரம்? எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறியா?” என்று அக்கா சமையல்கட்டில் வைத்துக் கேட்டாள்.

“டயர் டெஸ்ட் பண்றோம்,” என்றேன். அவள் நம்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. லோஷினி போன பிறகு சாப்பிட வாங்க, கரண்ட் பில் வந்திருக்கு, அவ்வளவுதான். காரில் அப்படி இல்லை. கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் இந்த மனிதருக்கு வாய் திறக்கிறது. ஆலையில் சேர்ந்த புதிதில் கொட்டிக் கிடந்த எண்ணெயில் வழுக்கி, மல்லாந்தபடியே போய் மேனேஜர் காலடியில் நின்ற கதையைச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. லோஷினி பிறந்தபோது தூக்கினால் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சளி பிடித்திருக்கிறது என்று ஒரு வாரம் பொய் சொன்னாராம். இத்தனை வருடம் கழித்து மச்சாப் ஓய்விடத்தில் தேநீர் குடித்துக்கொண்டே அதைச் சொல்கிறார்! நானும் என்னென்னவோ சொன்னேன். நான்காவது வாரம் சனிக்கிழமையே வெளியே போட்டுப் போகிற துணியை இஸ்திரி போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது எனக்கு. இதை அவரிடம் சொல்வேனா நான்?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மழை பிடித்தது. சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத மழை. மோட்டாரில் போனவர்கள் எல்லாரும் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கிவிட்டார்கள். இவர் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு லாரி எங்கள் கண்ணாடி மேல் ஒரு குளத்தையே வீசிவிட்டுப் போனது. அடுத்த நொடி முன்னால் போன காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் பிரேக்கை அழுத்தினார். கார் பிசகாமல், கோடு போட்டது போல நேராகக் குறைந்து வந்து நின்றது. என் மடியில் இருந்த கைப்பைகூட நகரவில்லை.

வயிற்றைக் கவனித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காலையில் தின்ற இட்டிலி சுகமாக உட்கார்ந்திருந்தது.

முன்னால் கார்கள் மெதுவாக நகர ஆரம்பித்தன. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

“எப்படி வாசுகி? வயிறு?”

நல்லா இருக்கு என்று சொன்னால் கார் அவருக்கு. அதோடு எல்லாம் முடிந்துவிடும். காரணம் இல்லாமல் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை அவர். காரைத் துடைத்து வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார், நானும் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். கலங்குகிறது என்று பொய் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

“இதெல்லாம் ஒரு மழையாங்க?” என்றேன். “தூறல். இத வச்சி என்னாத்த சொல்றது? அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாப்போம்.”

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால், ஒன்றுமே தெரியாத அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். வைப்பரை இன்னும் வேகமாக முடுக்கினார்.

“ஆமாமா,” என்றார், “வெறும் தூறல்தான்.”